மூன்றாம் நாளே 'அக்செப்டன்ஸ்' வந்துவிட்டதா? மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் தோல் நோய்ப் பிரிவில் பிஜி இறுதியாண்டு படிக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளில் வரும் தோல் அழற்சிதான் என் தீசிஸ். அதை டைப் செய்து பைண்டிங் போட்டுக் கொடுத்த கடைக்காரர், '18,000 ரூபாய் கொடுங்கள், ஸ்கோபஸ் (தேர்ந்தெடுத்த ஆய்வு இதழ்களின் சர்வதேசப் பட்டியல்) ஜர்னலில் போட்டுத் தருகிறேன்' என்றார். 5,000 முன்பணமும் ஃபைலும் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாளே அக்செப்டன்ஸ் கடிதம் வந்துவிட்டது. மீதியைக் கட்டச் சொல்லித் தினமும் போன் வருகிறது. என் கைடு வேறு நல்ல ஜர்னலுக்கு அனுப்பலாம் என்கிறார். அனுப்பலாமா? ஏற்கெனவே ஒரு மாநாட்டில் இதைப் போஸ்டராக வைத்திருக்கிறேன், அது இடைஞ்சலா? (வாசகி, கடலூர்)

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். காப்பிரைட் படிவம் என்று எது வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம், வேறு ஜர்னலுக்கு இன்றைக்கே அனுப்பவும் வேண்டாம். ஒரே கட்டுரை ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலில் இருந்தால் அதுவே குற்றமாகிவிடும். முதல் ஜர்னல் போலியாக இருந்தாலும் இரண்டாவது ஜர்னலின் எடிட்டருக்கு அது தெரியாதல்லவா?

முதலில் கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எந்த மெயில் ஐடியில் சப்மிட் செய்தார்கள்? பெரும்பாலும் உங்கள் பெயரில் அவர்களே ஒரு ஜிமெயில் உண்டாக்கியிருப்பார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். ஜர்னலைப் பொறுத்தவரை அந்த மெயிலைத் திறக்கிறவர்தான் நீங்கள். அவர் நினைத்தால் உங்கள் கட்டுரையில் இன்னொருவர் பெயரைச் சேர்த்து, அந்த இடத்தை விற்கவும் முடியும். நான் எடிட்டராக இருந்தபோது வந்த ஒரு கட்டுரையில் நான்காவது பெயர் வெளிமாநிலத்துக்காரருடையது. சந்தேகப்பட்டு, கல்லூரி நம்பரில், கட்டுரையில் முதல் பெயர் யாருடையதோ அவரை அழைத்து, அந்த நான்காவது பெயரைப் பற்றி விசாரித்தேன். "அவர் யார் சார்?" என்று அந்தப் பெண் என்னையே திருப்பிக் கேட்டார். ஒன்றரை வருட உழைப்பு அந்தப் பெண்ணுடையது.

அடுத்து, உங்கள் கல்லூரி மெயிலிலிருந்து, கைடுக்கும் ஒரு நகல் வைத்து, அந்த ஜர்னலின் எடிட்டருக்கு நான்கு வரி எழுதுங்கள். இந்தக் கட்டுரை ஆசிரியர்கள் எல்லோரின் ஒப்புதல் இல்லாமல் அனுப்பப்பட்டது, திரும்பப் பெறுகிறோம், உரிமை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, எழுத்தில் உறுதி செய்யுங்கள். இவ்வளவுதான். 'திரும்பப் பெறக் கட்டணம்' என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் பார்த்து, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், நடந்ததை மறைக்காமல் கவரிங் லெட்டரில் எழுதி, அனுப்பிய மெயில்களின் நகலையும் இணைத்துப் புதிய ஜர்னலுக்கு அனுப்பலாம். இடையில் அவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஏற்றிவிட்டிருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

உண்மையான அக்செப்டன்ஸ் மூன்று நாளில் ஏன் வர முடியாது என்றால், ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல, அதாவது ரெவ்யூ செய்ய, இரண்டு நிபுணர்கள் வேண்டும். அவர்களும் ஓபி பார்க்கிற டாக்டர்கள்தான், இதற்குச் சம்பளம் கிடையாது. சம்மதம் வாங்கவே ஒரு வாரம் ஆகும். 2013இல் ஜான் பொகானன் என்ற பத்திரிகையாளர், படித்த யாருக்கும் தப்பு தெரிகிற மாதிரி ஒரு போலிப் புற்றுநோய்க் கட்டுரையை எழுதி 304 ஜர்னல்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. நம் நாடும் விலக்கில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பதிப்பகம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையான ரெவ்யூ இல்லாமல் வெளியிட்டதும், கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாமல் மறைத்ததும் அந்த வழக்கின் புகார்கள்.

'ஸ்கோபஸ்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். ஸ்கோபஸின் பட்டியலை நீங்களே திறந்து ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் (இதழுக்குத் தரப்படும் அடையாள எண்) போட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் பட்டியலில் இருந்து பிறகு நீக்கப்பட்டவையும் உண்டு, எந்த வருடம் வரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதே தரத்துக்குச் சான்று என்று இன்னமும் நம்புகிறார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் இருந்தால் பிரேக் பிடிக்கும் என்று அர்த்தமா? நல்ல ஜர்னலின் பெயரில் அச்சு அசலாக வேறு வெப்சைட் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனால் கடைக்காரர் அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள், பட்டியலில் இருக்கிற லிங்க் வழியாகப் போங்கள்.

போஸ்டர் விஷயம். இதில் பிஜி மாணவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒருமுறை வெளியானதை மறுபடி வெளியிடக் கூடாது என்பது விதி. மாநாட்டுப் போஸ்டரும், மேடையில் படித்ததும், மலரில் அச்சான 250 வார்த்தைச் சுருக்கமும் அந்த விதிக்குள் வராது. மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் மாநாட்டுக்காரர்கள் சுருக்கத்தோடு நிற்காமல் முழுக் கட்டுரையையும் அட்டவணையோடு தொகுப்பாகப் போட்டிருந்தால் அது வெளியானதுதான். ஆகவே அந்த மலரை எடுத்து உங்கள் பக்கத்தைப் பாருங்கள். அரைப் பக்கமா, நான்கு பக்கமா? அரைப் பக்கம் என்றால் எந்த மாநாடு, என்ன தேதி என்று கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் தீசிஸும் அப்படித்தான். பல்கலைக்கழகம் அதை இணையத்தில் வைத்திருந்தால், ஒப்புமை பார்க்கும் சாஃப்ட்வேர் பாதிக்குப் பாதி காப்பி என்று காட்டும். காட்டுவது உங்கள் சொந்த எழுத்தைத்தான். இது என் தீசிஸிலிருந்து எடுத்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குப் பயந்து, வார்த்தையை மாற்றித் தருகிற கடையில் கொடுத்தால் அவர்கள் நோயின் பெயரையே மாற்றிவிடுவார்கள்.

ஆசிரியர் பெயர்களில் எச்.ஓ.டி.யைச் சேர்ப்பதா என்பதும் உங்களிடம் வரும். அதே சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், தப்பு வந்தால் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். துறைத் தலைவர் என்பது ஐந்தாவது நிபந்தனையாக எங்கும் இல்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவர்களுக்கு 2022இல் வந்த தகுதி விதி, கட்டுரையின் முதல் மூன்று பெயரையும் கரஸ்பாண்டிங் ஆதரையும் (ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைப்பவர்)தான் கணக்கில் எடுத்தது. அப்புறம் அந்த மூன்று இடத்துக்கு ஏன் சண்டை வராது? கட்டுரையை எண்ணுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. படிக்கிற ஒரு கமிட்டி இருந்திருந்தால் கல்லூரி வாசலில் இந்தக் கடைகளே முளைத்திருக்காது.

நல்ல ஜர்னலுக்கு அனுப்பும் முன் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். புள்ளியியலை உங்கள் கைடு பார்த்துக்கொள்வார். ஒன்று, அட்டவணைகளின் கூட்டல். 120 பேர் என்று தொடங்கி மூன்றாவது அட்டவணையில் 117 ஆகிவிட்டால் அந்த மூன்று பேர் எங்கே என்றுதான் ரெவ்யூவர் முதலில் கேட்பார். இன்னொன்று படங்கள். முகம் தெரியவில்லை, கை மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்து வயதான அம்மாக்களின் முன்கையில் பச்சை குத்தியிருக்கும், பெயரே எழுதியிருக்கும். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்து உரிந்த விரலைக் காட்ட மணிக்கட்டு வரை போதும், மேலே வெட்டிவிடுங்கள். அதற்கும் சம்மதம் வேண்டும். ஆய்வில் சேர வாங்கிய கையெழுத்து போதாது. படம் ஜர்னலில் வரும், இணையத்தில் எவரும் பார்க்கலாம் என்று தமிழில் எழுதிப் படித்துக் காட்டித் தனியாக வாங்க வேண்டும். முகப் படமாக இருந்தால், கண்ணில் கறுப்புப் பட்டை போட்டுவிட்டேன் என்ற பழைய சமாதானத்தை இப்போது எந்த நல்ல ஜர்னலும் ஏற்பதில்லை.

கொடுத்த 5,000 திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்கு இன்றைக்கே போக வேண்டிய காரணம் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஃபைலின் கடைசியில் மாஸ்டர் சார்ட் (ஆய்வில் சேர்ந்த ஒவ்வொருவரின் விவரமும் உள்ள அட்டவணை) இருக்கிறதா? அதில் அந்தப் பெண்களின் பெயர், ஊர், ஓபி எண், போன் நம்பர் இருக்கிறதா? இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அவர் போனிலிருந்தும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, உங்கள் கைடிடமும் உடனே சொல்லுங்கள்.