உப்புக்காற்றில் ஹைபிரிட் கார்

கேள்வி: கீழக்கரையிலிருந்து தினமும் ராமநாதபுரம் போய் வருகிறேன். ஹைபிரிட் கார் வாங்கினால் உண்மையிலேயே புகை குறையுமா? கடலோரத்தில் தாங்குமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: குறையும். பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்ததுதான் ஹைபிரிட். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் கிலோமீட்டருக்கு 153 கிராம் விடுகிறது, லிட்டருக்கு 23 கி.மீ. ஓடும் ஹைபிரிட் என்றால் கிலோமீட்டருக்கு 100 கிராம்தான். இந்த லாபம் பெரும்பாலும் ஊருக்குள் நின்று நின்று போகும்போது கிடைப்பது. அங்கே இன்ஜின் அணைந்து மோட்டார் இழுக்கும். பிரேக் பிடித்தால் அதே மோட்டார் பேட்டரியைச் சார்ஜ் செய்யும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக 90-இல் போனால் வித்தியாசம் சுருங்கிவிடும். ‘மைல்டு ஹைபிரிட்’ என்றால் யோசித்து வாங்குங்கள். பெரும்பாலும் அதன் மோட்டார் தனியாகக் காரை ஓட்டாது.

உங்கள் ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக். வேகத்தை மோட்டாரே குறைத்துவிடுவதால் டிஸ்க் தேயாமல் கிடந்து உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் ஊசி (பின்) இறுகும். பின்னால் வண்டி வராதபோது அவ்வப்போது அழுத்திப் பிரேக் பிடியுங்கள். சர்வீஸில் பின்னைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

பல மாடல்களில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் பின்சீட்டுப் பக்கம் இருக்கும். அதன் ஃபில்டரில் மணல் அடைத்தால் பேட்டரி சூடாகி மோட்டாரின் உதவி குறையும், இன்ஜின் கூடுதலாக ஓடும், புகையும் ஏறும். அந்த இடத்தில் பை, துணி எதுவும் வைக்காதீர்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் இணைப்பில் பிரஷர் ஜெட் அடிக்கவே கூடாது.