ரோடு பைக்குக்கு முதலில் எது: எலக்ட்ரானிக் கியரா, நல்ல சக்கரமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஷிமானோ 105 மெக்கானிக்கல் கியரும் (கம்பி இழுத்து மாற்றுவது) டிஸ்க் பிரேக்கும் உள்ள ரோடு பைக். ஞாயிறுகளில் நந்தி மலை, எப்போதாவது 200 கி.மீ. பிரவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்). ஒரு லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம். டிஐ2 (ஷிமானோவின் எலக்ட்ரானிக் கியர்) போடுவதா, கார்பன் சக்கரம் வாங்குவதா?

பதில்:

சக்கரம்தான். ஆனால் சக்கரத்துக்கும் முன்னால் டயர். எலக்ட்ரானிக் கியர் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பிறகு வருகிறேன்.

கியரைக் கம்பி மாற்றினாலும் மோட்டார் மாற்றினாலும் சைக்கிளின் வேகம் ஒன்றுதான். பற்களும் செயினும் அவையேதான். டிஐ2 தருவது நிதானம்: பட்டனை லேசாகத் தொட்டால் போதும், பின்னால் கியர் மாறும்போது செயின் உரசாதபடி முன் டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் பாகம்) தானே நகர்ந்துகொள்ளும், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதும் மாற்றம் சுத்தமாக நடக்கும். 200 கி.மீ. பிரவேக்கு 13½ மணி நேரம் கெடு, 400-க்கு 27 மணி நேரம். விரல்கள் மரத்துப்போகிற அந்தக் கடைசி மணி நேரங்களில் முன் கியரைப் பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளுவது உண்மையிலேயே சிரமம். நீங்கள் 400, 600 என்று போகத் திட்டமிட்டால் டிஐ2-ஐ ஆடம்பரம் என்று ஒதுக்க மாட்டேன். ஞாயிறு நந்திக்கு அது தேவையில்லை.

செலவையும் பாருங்கள். உங்களுடையது 12 ஸ்பீடு 105 என்றால் கிராங்க் (பெடல் தண்டு), கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), செயின், பிரேக் காலிப்பர் எல்லாம் அப்படியே இருக்கலாம். இரண்டு லீவர், இரண்டு டீரெய்லர், சீட் போஸ்டுக்குள் போகும் பேட்டரி, வயர்கள், சார்ஜர் கேபிள் வாங்க வேண்டும். லீவர் மாறுவதால் பிரேக் ஆயில் மாற்றி ப்ளீட் செய்ய (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும். 11 ஸ்பீடு என்றால் கேசட், செயினும் மாற வேண்டும், கிராங்கையும் சேர்த்து மாற்றுவதே சரி. இப்படி உதிரியாக வாங்கிப் பூட்டினால் ஆகும் தொகை, புது சைக்கிளில் மெக்கானிக்கல் மாடலுக்கும் டிஐ2 மாடலுக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடும். கழற்றிய லீவர்களும் நல்ல விலைக்குப் போகாது. அதனால் எலக்ட்ரானிக் கியரை அடுத்த சைக்கிளோடு வாங்குவதே லாபம். சக்கரம் அப்படியில்லை. ஆக்சில் அளவு (முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ.) ஒன்றாக இருந்தால் அடுத்த சைக்கிளுக்கும் உங்களோடு வரும்.

கியர் சரியாக மாறவில்லை என்ற எரிச்சலில்தான் பலர் டிஐ2 பக்கம் போகிறார்கள். அதில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். மே முதல் அக்டோபர் வரை இங்கே மழையும் செம்மண் சேறும். அவுட்டருக்குள் (கேபிளின் வெளியுறை) மண் புகுந்தால் கேபிள் இழுபடும், ஸ்பிரிங் மட்டும் இழுக்கும் பக்கம் (சின்னப் பல்லை நோக்கி) மாற்றம் தாமதமாகும். மழை முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை இன்னர், அவுட்டர் இரண்டையும் மாற்றுங்கள். அதோடு ஷிஃப்டருக்குள் கேபிள் வளையும் இடத்தைப் பாருங்கள். இழைகள் அங்கேதான் ஒவ்வொன்றாக அறும். முழுதாக அறுந்து துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும் வேலை. அடுத்த சந்தேகம் ஹேங்கர், அதாவது பின் டீரெய்லரை ஃபிரேமோடு பிணைக்கும் சிறு துண்டு. சைக்கிள் வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே அது வளையும். வளைந்த ஹேங்கரில் டிஐ2-ம் சரியாக ஓடாது, மோட்டார் சொன்ன இடத்துக்குத்தான் போகும், ஆனால் அந்த இடத்தில் பல் இருக்காது. அளவுக் கருவி வைத்து ஹேங்கரை நேராக்கித் தரச் சொல்லுங்கள்.

இப்போது விதிவிலக்கு. உங்கள் ஃபிரேமில் கேபிள்கள் ஹேண்டில்பார் வழியே ஹெட்செட் பேரிங்குக்குள் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) நுழைந்து போகிறதா? அப்படியானால் வளைவுகள் மிகக் கூர்மை, உராய்வு அதிகம், ஒரு கேபிள் மாற்றவே கடையில் பாதி நாள் போய்விடும். அந்த ஃபிரேமுக்கு எலக்ட்ரானிக் கியர் நியாயமான செலவு. இப்போதைய 12 ஸ்பீடு டிஐ2-வில் லீவர்கள் வயர்லெஸ், ஒவ்வொன்றிலும் சிஆர்1632 காசு பேட்டரி. சீட் போஸ்ட் பேட்டரியிலிருந்து டீரெய்லர்களுக்கு மட்டும்தான் வயர். ஒரு சார்ஜுக்குச் சுமார் 1000 கி.மீ. என்று ஷிமானோ சொல்கிறது. சார்ஜ் குறைந்தால் முதலில் முன் டீரெய்லர் நிற்கும், பின்னது சற்று நேரம் வேலை செய்யும். அது எச்சரிக்கை, அலட்சியம் செய்யக் கூடாது.

இனி டயர். சைக்கிளோடு வந்த கம்பி விளிம்பு டயருக்கும் நல்ல ரேஸ் டயருக்கும் 30 கி.மீ. வேகத்தில் ஒரு டயருக்கு 5 முதல் 8 வாட் வரை வித்தியாசம் வரும். ஒரு சோடிக்கு 10 வாட்டுக்கு மேல். செலவு பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின். இந்த விலையில் இவ்வளவு வேகம் தரும் பொருள் சைக்கிளில் வேறு கிடையாது. 28 மி.மீ. எடுங்கள், ஃபிரேமில் இடமிருந்தால் 30. 70 முதல் 75 கிலோ ஆளுக்கு 28-ல் பின்னால் 70 பி.எஸ்.ஐ, முன்னால் 65 போதும். 100 வைத்தால் நம் சாலையில் அதிர்வுதான் மிச்சம். கூடவே டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) ட்யூப் போட்டால் சாதா ட்யூபைவிட ஒன்றுக்கு 60 கிராமுக்கு மேல் எடை குறையும்.

கார்பன் சக்கரத்தின் விளம்பர எண்களை நிதானமாகப் படியுங்கள். காற்றுச் சுரங்கச் சோதனை பெரும்பாலும் 45 கி.மீ. வேகத்தில் நடக்கும். காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியாகக் கூடும் (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு). 45-ல் 15 வாட் மிச்சம் என்றால் 30-ல் நாலரை வாட்தான்; ஒரு மணி நேரத்தில் சில நூறு மீட்டர்தான் முன்னால் போவீர்கள். எடையும் அப்படித்தான்: ஆளும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ, சக்கரத்தில் 400 கிராம் குறைந்தது என்றால், அரை மணி நேர நந்தி ஏற்றத்தில் எட்டு நொடி மிச்சமாகும். சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்கு என்பது வேகம் கூட்டும்போது மட்டும் உண்மை. சீராக ஏறும்போது கிராம் எங்கே இருந்தாலும் கிராம்தான்.

அப்படியென்றால் சக்கரம் எதற்கு? சைக்கிளோடு வரும் சோடி பெரும்பாலும் 1900 கிராமுக்கு மேல், ஹப் சுமார், ஸ்போக் இழுவை சீராக இருக்காது. 1500 கிராம் சோடியில் ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும் வண்டி சட்டென்று எழும்பும். அந்தச் சுகம் உண்மையானது, அதற்குக் காசு கொடுப்பது தவறில்லை.

வாங்கும்போது ரிம் ஆழம் 35 முதல் 45 மி.மீ.க்குள் நில்லுங்கள். ஹெப்பால் தாண்டி பல்லாரி சாலை மேம்பாலத்தில் வால்வோ பஸ் உரசிப் போகும்போது 60 மி.மீ. ரிம் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ரிம் உள் அகலம் 21 மி.மீ., கொக்கி விளிம்பு (டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் உள்மடிப்பு) உள்ளதாக வேண்டும். கொக்கி இல்லாத ரிம்மில் ட்யூப்லெஸ் தரத்து டயர்களை மட்டுமே, அதுவும் உற்பத்தியாளர் அனுமதித்தவற்றையே மாட்ட முடியும். காற்று உச்ச வரம்பும் 72.5 பி.எஸ்.ஐ. தேவனஹள்ளிக்கு அப்பால் டயர் கிழிந்தால் பக்கத்து ஊரில் கிடைக்கும் எந்த டயரும் போட முடிவது பெரிய வசதி. ஸ்போக் ஜே வளைவு (ஹப் பக்க நுனி வளைந்த சாதா வகை) உள்ளதாக, முன் சக்கரத்திலும் பின் சக்கரத்திலும் 24 என்று இருந்தால் நல்லது. அந்தந்த நீளத்தில் மூன்று ஸ்போக் சேர்த்தே வாங்கிவிடுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம். ஷிமானோ 12 ஸ்பீடு ரோடு கேசட் 11 ஸ்பீடு எச்ஜி ஃப்ரீஹப்பிலேயே (பின் ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) உட்காரும். ஸ்ராம் நிறுவனத்தின் 10 பல்லில் தொடங்கும் கேசட்டுக்குத்தான் எக்ஸ்டிஆர் (XDR) ஃப்ரீஹப் வேண்டும்.

சக்கரம் மாட்டும்போது கேசட் லாக்ரிங்கையும் சென்டர்லாக் ரோட்டர் (பிரேக் தட்டு) லாக்ரிங்கையும் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். புது ரோட்டர் உரசினால் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். கியர் சற்றே தட்டினால் பேரல் அட்ஜஸ்டரில் (கேபிள் இழுவையைச் சரிசெய்யும் திருகு) கால் சுற்று. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஸ்போக் இழுவையைக் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள்.

பழைய சக்கரங்களை விற்காதீர்கள். பழைய டயரோடும் ஒரு மலிவு கேசட்டோடும் அவற்றைத் தயாராக வையுங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை, தண்ணீர் தேங்கிக் குழி எங்கே என்று தெரியாத காலைகளில், அலுமினிய ரிம் வளைந்தால் தட்டி நேராக்க வாய்ப்பு உண்டு. விரிசல் விட்ட கார்பன் ரிம்மை நம்பி மறுபடி ஏறவே கூடாது.