4 அடித் தொட்டியை 8 அடியாக்கினா தண்ணி ரெண்டு மடங்கோ?

விசுவமடுவில இருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். தோட்டத்துக்கு நீளம் அகலம் ஆழம் எல்லாம் 4 அடியா ஒரு சீமெந்துத் தொட்டி இருக்காம், வைகாசிக்குப் பிறகு தண்ணி காணாதாம், ரெண்டு மடங்கு பிடிக்கவேணுமெண்டு எல்லாத்தையும் 8 அடியாக்கிக் கட்டப்போறாராம். மகளோ "4 இன்ர கனம் 64, 8 இன்ர கனம் 512, அது எட்டு மடங்கப்பா" எண்டு மறிக்கிறாவாம். நாலை மூண்டால பெருக்கினா 12 தானே, 64 எங்கால வந்தது எண்டு கேக்கிறார்.

அண்ணை, மகள் சொல்றது சரி, மேசனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. கனம் எண்டா மூண்டால பெருக்கிறது இல்லை, அந்த எண்ணையே மூண்டு தரம் போட்டுப் பெருக்கிறது, 4×4×4. உங்கட தொட்டிக்குள்ள ஒரு அடிப் பெட்டியளை அடுக்குங்கோ, ஒரு வரிசைக்கு 4, அப்பிடி 4 வரிசை வைச்சா அடித்தட்டு நிரம்ப 16, அதுக்கு மேல மேல 4 தட்டு வர 64. இதுதான் 64 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லீற்றர் படி கிட்டத்தட்ட 1,800 லீற்றர் தண்ணி.

8 அடியாக்கினா நீளமும் இரட்டிக்குது அகலமும் இரட்டிக்குது ஆழமும் இரட்டிக்குது, 2×2×2, எட்டு மடங்கு. ஏறத்தாழ 14,500 லீற்றர், பாரம் 14 தொன்னுக்கு மேல, வீட்டுத்தோட்டத்துக்கு இது என்னத்துக்கு?

உங்களுக்கு வேண்டியது 128 கன அடி. 5 இன்ர கனம் 125. அவ்வளவுதான், ஒரு அடி கூட்டினாக் காணும். ஆனா 5 அடி உள் அளவா இருக்கவேணும், மேசன் வெளியால 5 அடி பிடிச்சு அரை அடிச் சுவர் வைச்சாரெண்டா உள்ளுக்கு நீளமும் அகலமும் திரும்ப 4 தான், காசும் போய் தண்ணியும் பெரிசாக் கூடாது. என்னைக் கேட்டா பழைய தொட்டியை இடிக்கவே வேண்டாம், அது நல்லா இருந்தா பக்கத்தில அதே அளவில இன்னொண்டை ஒட்டிக் கட்டுங்கோ, ஒரு சுவர் மிச்சம்.

மகளுக்கும் ஒண்டு. கனம் எடுத்தா எப்பவும் பெருக்கும் எண்டு நினைக்கவேண்டாம், ஒரு மீற்றர்த் தொட்டி 1,000 லீற்றர் பிடிக்கும், எல்லாம் அரை மீற்றரா இருந்தா 500 இல்லை, 125 லீற்றர்தான். எண் மறையா வந்தா விடையும் மறை, -4 இன்ர கனம் -64, வர்க்கத்தில வாறமாதிரி நேர் எண்ணா மாறாது.

மணலுக்குச் சொல்லேக்க மட்டும் கவனம், டிப்பர்காரர் சொல்ற கியூப் வேற கணக்கு, ஒரு கியூப் 100 கன அடி, 3 கியூப் எண்டா 300 கன அடி. அங்க போய் 3 இன்ர கனம் 27 எண்டு நிண்டுடாதேங்கோ.