குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இலவச ஓவிய வகுப்பு: கேள்வி பதில்

அக்கா, எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் 20 பிள்ளைகள் வருகிறார்கள். கையில் காசு குறைவு. முதலில் எதை வாங்கலாம்? (பெரும்பாக்கம்)

கலர் பாக்ஸ் இப்போது வேண்டாம். கரியில் தொடங்குங்கள், நீங்களே சுட்டுக்கொள்ளலாம். பென்சில் பருமனில் காய்ந்த புளிய மிளாறுகளைப் பட்டை உரித்து, தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, இறுக மூடுங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை. விறகு நெருப்பில் வைத்தால் துளை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கி, துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பல். துணியில் கையால் ஓவியம் தீட்டும் காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் முதல் கோடு இழுப்பது இந்தப் புளியங்கரியால்தான்.

தாளுக்கு அச்சகத்தில் கேளுங்கள், வெட்டி மிஞ்சியது கிடைக்கும். வீட்டுக்கும் 10 தாள், 4 குச்சி கொடுத்தனுப்புங்கள். வாரத்தில் 2 மணி நேரம் மட்டும் வரைந்தால் கை பழகாது.

லினோ அச்சு (லினோலியம் தகட்டை உளியால் செதுக்கி, மை தடவித் தாளில் எடுப்பது) திட்டுத்திட்டாக விழுகிறது. பிரஸ் இல்லாததாலா?

இல்லை. லினோமேல் தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் வரை வட்டமாகத் தேய்த்தாலே போதும். தாள் தடிமனாக இருக்கும், அல்லது மை சீராகப் பரவியிருக்காது. கண்ணாடியில் ரோலரை உருட்டும்போது மெல்லிய சரசரப்பு கேட்க வேண்டும். சளசளத்தால் மை அதிகம், நுண்கோடுகள் அடைத்துவிடும். தண்ணீர் மை நம் வெயிலில் கண்ணாடியிலேயே காய்ந்துபோகும். 2 சொட்டு கிளிசரின் விடுங்கள். லினோவைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும், உளி வழுக்காது. லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு உளியே வேண்டாம்; தெர்மோகோல் தட்டில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரையட்டும், அதிலும் அச்செடுக்கலாம்.

சென்னை கண்ணகி நகர் சுவரோவியங்களைப் பார்த்து நாங்களும் எங்கள் சுவரில் வரைந்தோம். ஒரு மழையிலேயே உரிந்துவிட்டது.

அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா பாருங்கள். உப்புப் பூத்த சுவரில் எந்தப் பெயிண்டும் நிற்காது. கசிவை அடைத்த பிறகுதான் தூரிகையை எடுக்க வேண்டும். புதுப் பூச்சு என்றால் 4 வாரம் காயட்டும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட். டிஸ்டம்பர் மழைக்குக் கரையும், எமல்ஷன்தான் சரி. வெள்ளை 4 லிட்டர் வாங்கி ஸ்டெய்னரால் (பெயிண்டில் கலக்கும் நிறச்சாறு) நிறம் கலந்துகொண்டால் செலவு குறையும்.

பெண் பிள்ளைகள் 8-ஆம் வகுப்புக்கு மேல் வருவதில்லையே?

தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு மூலையில் பாயும் களிமண்ணும் போதும். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள். இருட்டும் முன் முடித்துவிடுங்கள்.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஓவியத்திலேயே மேலே படிக்க முடியுமா?

முடியும். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. 4 ஆண்டுப் பட்டப் படிப்பு. சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டும். செல்போன் படத்தைப் பார்த்தே வரைந்து பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். ஒரு சொம்பும் மடித்த துண்டும் ஜன்னலோரம் வைத்து, தினமும் வேறு வேறு கோணத்தில் வரையச் சொல்லுங்கள்.