மாதிரி இல்லாமல் ஒரு சாவி

அன்புள்ள ஐயா,

தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டின் சாவி தொலைந்துவிட்டது. பாரிமுனை நடைபாதையில் ஒரு சாவிக்காரரிடம் கொண்டுபோனேன். மாதிரியே இல்லாமல் புதுச் சாவி செய்து திறந்துவிட்டார். எனக்குப் பயம்தான் வந்தது. இப்படித் திறக்க முடியுமென்றால் பூட்டு எதற்கு? இந்த வித்தை வெளியே தெரியலாமா?

— ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் என்ன செய்திருப்பார் என்று சொல்கிறேன். பல் வெட்டாத சாவியைச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டுக்குள் விட்டுத் திருப்புவார். உள்ளே சாவி தூக்கிவிடும் தகடுகளான லீவர்கள் இடிக்கும் இடத்தில் தடம் விழும். அங்கே மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி கரி, மறுபடி ராவல். ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்துக்கு எழ வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் திறக்காது. ஒரு இழுப்பு அதிகமானால் அந்தச் சாவி வீண். பல வருடம் பழகிய கைக்குத்தான் இது வரும்.

கூடினாலும் திறக்காத இந்த அமைப்புக்கு இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்றார். 1818இல் ஜெரமையா சப் ஒரு பொறியைச் சேர்த்தார்: கள்ளத்தனமாகத் திறக்கப் பார்த்து லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும்; யாரோ கைவைத்தது உரியவருக்குத் தெரிந்துவிடும். அதை யாராலும் திறக்க முடியாது என்றே முப்பது வருடத்துக்கு மேல் நம்பினார்கள். 1851இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், சாட்சிகள் முன்னால் 25 நிமிடத்தில் திறந்துகாட்டினார். பிராமா என்ற லண்டன் பூட்டுக் கம்பெனி 200 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) பந்தயம் கட்டி வைத்திருந்த பூட்டையும் விடவில்லை. அதற்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது.

வித்தை வெளியே தெரியலாமா என்ற உங்கள் கேள்விதான் அன்றும் எழுந்தது. ஆனால் அப்புறம்தான் கம்பெனிகள் தங்கள் பூட்டுகளைத் திருத்தின. குறை எங்கே என்று திருடன் எப்படியும் தேடிக் கண்டுபிடிப்பான். காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. சரி, பூட்டு எதற்கு? நேரத்துக்குத்தான். பட்டப்பகலில் நிதானமாக உட்கார்ந்து ராவ சாவிக்காரருக்கு முடிகிறது, திருடனுக்கு முடியாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டைச் செய்த கைகளுக்குத் தரும் மரியாதையை, திறந்த கைக்கும் தாருங்கள். கூலியில் பேரம் வேண்டாம். அவரிடமே இன்னொரு சாவியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது மாதிரி இருக்கிறதே, வேலை சீக்கிரம் முடியும்.