கன்றுக்குச் சீம்பால்: நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்கலாமா?

இந்த வாரக் கேள்விகளில் பெரும்பாலானவை சீம்பாலைப் பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

அணைக்கட்டிலிருந்து: ஐயா, எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு விடியற்காலையில் கன்று ஈன்றது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கறக்க வேண்டும் என்று அப்பா தடுத்துவிட்டார். மதியம்தான் கன்றுக்குப் பால் கிடைத்தது. இதனால் கெடுதல் உண்டா?

உண்டு தம்பி. நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் பழக்கம் இது. கன்றுகளைக் காவு வாங்கும் பழக்கமும் இதுதான். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே வந்து சேர்ந்துவிடும். பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. அதனால் கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அந்தப் புரதங்களைச் செரிக்காமல் முழுதாக இரத்தத்துக்குள் விடும் திறன் கன்றின் சிறுகுடலுக்குப் பிறந்தவுடன் இருக்கும். மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் நின்றுபோகும். முதல் ஆறு மணி நேரத்தில் கொடுப்பதுதான் நன்றாக உடம்பில் ஒட்டும். தாமதித்தால் கொட்டிலின் கிருமிகள் முந்திக்கொள்ளும்.

அப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கன்று காம்பைச் சப்பும்போது பசுவின் உடலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி விழுவதற்கே அது உதவும். 12 மணி நேரமாகியும் விழாவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கையால் இழுக்கவும் வேண்டாம், செருப்போ கல்லோ கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். உங்கள் கன்றுக்குக் கழிச்சல், தொப்புள் வீக்கம், மூட்டு வீக்கம், இருமல் ஏதும் வருகிறதா என்று ஒரு மாதமாவது கவனமாகப் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி: கன்றைத் தாயிடம் விட்டுவிட்டால் போதாதா? அளந்து கொடுக்க வேண்டுமா அண்ணா?

அளந்து கொடுப்பதே நல்லது அம்மா. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர். பாதிக்கு மேல் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதி ஆறு மணி நேரத்துக்குள்ளும் உள்ளே போய்விட வேண்டும். மடி தொங்கிய பசுவிடம் கன்று காம்பு எட்டாமல் தொடையை முட்டிக்கொண்டே நிற்கும். நாமோ குடிக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். மடியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலைத் தனியே விட்டுவிட்டுக் கறந்து, சூடு ஆறுவதற்குள் காம்பு பொருத்திய புட்டியில் புகட்டுங்கள். முதலில் உங்கள் விரலைக் கன்றின் வாயில் வைத்துப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலை இழுத்துச் சப்பினால் கவலையில்லை. வாய் சில்லிட்டு, சப்பாமல் கிடந்தால் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கே.வி.குப்பத்திலிருந்து: பொய்கைச் சந்தையில் நிறைசினைப் பசு வாங்கி வந்தோம். பத்தே நாளில் ஈன்றது. சீம்பாலை நேரத்தோடு கொடுத்தும் கன்றுக்குக் கழிச்சல் வந்தது. ஏன்?

இது நல்ல கேள்வி. பசு தான் சந்தித்த கிருமிகளுக்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுக்கும்தான் எதிர்ப்புப் புரதம் வைத்திருக்கும். உங்கள் கொட்டிலின் கிருமிகள் அதற்குப் புதியவை. ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் அந்தப் புரதங்கள் இரத்தத்திலிருந்து மடிக்கு இறங்கும். ஆகவே சினைப் பசு வாங்குவதென்றால் ஈனுவதற்கு ஒன்றரை மாதமாவது முன்னதாக வாங்கிவிடுங்கள். வீட்டுப் பசுவாக இருந்தால் ஈனுவதற்கு முன் 60 நாள் கறக்காமல் மடியை வற்ற விடுவதும் முக்கியம். கடைசிவரை கறந்துகொண்டே இருந்தால் சீம்பால் நீர்த்துவிடும்.

பேர்ணாம்பட்டிலிருந்து: தாய் இறந்துவிட்டால் என்ன செய்வது?

அன்றோ முந்தைய நாளோ ஈன்ற வேறு பசு அக்கம்பக்கத்தில் இருக்கிறதா என்று ஓடிப்போய்க் கேளுங்கள். நோயில்லாத, பலமுறை ஈன்ற பசுவின் முதல் கறவை மிஞ்சினால், அதைச் சிறு புட்டிகளில் அடைத்து உறைநிலைப் பெட்டியில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். பல மாதம் தாங்கும். தேவைப்படும்போது 50 டிகிரி வெந்நீரில் புட்டியை வைத்து உருக்குங்கள். அடுப்பில் வைத்தால் புரதம் கெட்டுவிடும். முட்டையும் விளக்கெண்ணெயும் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். அது ஊட்டம் தரும், மலமிளக்கும். தாயின் பாதுகாப்பைத் தராது.

ஆற்காட்டிலிருந்து: கன்று கருப்பாக, பிசினாகச் சாணம் போடுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கருவில் தேங்கிய மலம் அது. சீம்பாலே அதை இளக்கி வெளியேற்றும்.

ஆரணியிலிருந்து: சீம்பாலுக்கு நல்ல விலை கேட்கிறார்கள். விற்கலாமா? பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றலாமா?

முதல் நாள் பால் முழுக்கக் கன்றுக்கே. அடுத்த இரண்டு, மூன்று நாளும் கன்றின் வயிறு நிறைந்த பிறகு மிஞ்சியதை விற்றுக்கொள்ளுங்கள். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வீட்டிலேயே அவித்தும் சாப்பிடலாம். சங்கத்தில் நான்கைந்து நாளைக்கு ஊற்றாதீர்கள். சீம்பாலில் புரதம் அதிகம், காய்ச்சினால் திரிந்துவிடும். மற்றவர்கள் ஊற்றிய பாலும் அதோடு சேர்ந்து கெடும்.