120 மைக்ரான் பைக்கு அபராதம் செல்லுமா?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். மாநகராட்சியினர் சோதனையிட்டு, '120 மைக்ரான்' என்று அச்சிட்ட கேரி பேக் கட்டு ஒன்றையும், துணி போலத் தோன்றும் நான்-ஓவன் பைகளையும் எடுத்துச் சென்றனர். ரூ.25,000 அபராதம் கட்டச் சொல்கிறார்கள். மத்திய அரசே அனுமதித்த பைக்கு அபராதம் விதிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால், அந்தத் தொகை சரிதானா என்பது வேறு கேள்வி.

பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இல் 2021 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தப்படி, 2022 டிசம்பர் 31 முதல் கேரி பேக் குறைந்தது 120 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். உங்கள் மொத்த வியாபாரி இதைச் சொல்லித்தான் விற்றிருப்பார். தமிழ்நாடு அதற்கு முன்பே வேறு வழியில் சென்றுவிட்டது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் 25.6.2018 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை எண் 84, பதினான்கு வகைப் பொருள்களை 1.1.2019 முதல் தடை செய்தது. அளவும் தடிமனும் எதுவாக இருந்தாலும் பிளாஸ்டிக் பை அதில் அடங்கும். நான்-ஓவன் பையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. தொட்டால் துணி போலிருந்தாலும் அது பாலிபுரொப்பிலீன்தான். உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இத்தடையை உறுதி செய்துவிட்டதால், மைக்ரான் வாதத்தை நம்பி நீங்கள் செலவு செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்கள் பலம் தொகையில் இருக்கிறது. 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த அபராத அட்டவணை, பைகளை இருப்பு வைத்து விற்பவருக்கும் விநியோகிப்பவருக்கும் முதல் முறை ரூ.25,000 என்றும், மளிகை, மருந்துக் கடை போன்ற நடுத்தரக் கடைகளில் பயன்படுத்தினால் ரூ.1,000 என்றும் பிரித்துள்ளது. சரக்குக் கட்டித் தருவதற்காகக் கல்லாவுக்கு அடியில் ஒரு கட்டுப் பை வைத்திருந்தவரைப் பை வியாபாரியாகக் கருதியிருப்பது போலத் தெரிகிறது. ஆகவே, எந்த வகையின் கீழ் அபராதம் என்று எழுத்து மூலம் கேளுங்கள். பறிமுதல் பட்டியலின் நகலையும், பை வாங்கிய பில்லையும், தொழில் உரிமத்தையும் இணைத்து, தொகையைத் திருத்தக் கோரி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மனு நிராகரிக்கப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்; வழக்குச் செலவு அபராதத்தை எட்டிவிடக்கூடும் என்பதால் அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 'மக்கும் பை' என்று யாராவது விற்க வந்தால், அச்சிட்ட வாசகத்தை நம்பாமல், தயாரிப்பாளரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று உள்ளதா என்று பாருங்கள். துணிப்பையை விலைக்குத் தருவதாயின், வாடிக்கையாளர் பொருள் எடுக்கும் முன்பே கண்ணில் படும்படி விலையை எழுதி வையுங்கள். முன்னறிவிப்பின்றிப் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் தீர்ப்பளித்துள்ளது.